கண்ணாடிப் பேழைக்குள் வரலாறு, கதவுக்கு வெளியே மாணவன்

சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் பழைய சென்னை மக்கள் வழங்கிய பெயர் ஒன்று உண்டு. "செத்த காலேஜ்" என்பது அப்பெயர். உயிரோடு விலங்குகள் உலவிய காட்சிசாலை "உயிர் காலேஜ்". உயிரற்ற பொருள்கள் நிறைந்த இடம் "செத்த காலேஜ்". 1851-ல் தொடங்கப்பெற்ற அந்த நிலையத்துக்குப் புலவர் எவரும் கூடி இப்பெயரைச் சூட்டவில்லை. வண்டியோட்டியும் கூலியாளும் கூடைக்காரியும் வழங்கி வழங்கி நிலைத்த பெயர் அது. தொடக்க நாளில் கல்லூரிக் கட்டடத்தில் இருந்தமையால் வந்த பெயர் என்பாரும் உளர். எப்படி வந்ததாயினும், படித்தவர் இதைக் கேட்டு நகைப்பதுண்டு. நாம் நகைக்கமாட்டோம். கல்லூரியின் வாயிற்படியை மிதிக்க வாய்ப்பற்றிருந்த மக்கள், பழம்பொருள் வைத்த மாளிகையைக் கல்லூரி என்றே அழைத்தனர். அது கற்குமிடம் என்று கருதினர். அந்தக் கருத்துக்குத் தலை வணங்குகிறோம். ஆனால் 'செத்த' என்ற அடைமொழி இருக்கிறதே, அது நம் நெஞ்சை உறுத்துகிறது!

கல்லூரி என்றால் கற்பிப்பவர் வேண்டும், பாடம் வேண்டும், கேட்கும் மாணவன் வேண்டும். நம் அருங்காட்சியகங்களில் பொருள் உண்டு, பேழை உண்டு, பூட்டு உண்டு, காவலும் உண்டு. கற்பிப்பவர் உண்டா? வரலாற்றைப் பள்ளிக்கும் ஆசிரியருக்கும் கொண்டு சேர்க்கும் பணி எந்த நிலையில் இருக்கிறது? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு மணி நேர ஊர்வலம்

மாவட்டத் தலைநகர் ஒன்றில் நாம் கண்ட காட்சியைச் சொல்லுகிறோம். ஊரின் பெயர் வேண்டா; ஊர் மாறினாலும் காட்சி பெரிதும் மாறாது.

பேருந்து வந்து நின்றது. மாணவர் இரு வரிசையாக இறங்கினர். வாயிலில் மூன்று கட்டளைகள் பிறந்தன: தொடாதே, பேசாதே, நிற்காதே! கண்ணாடிப் பேழைகளுக்கு நடுவே அந்த ஊர்வலம் நகர்ந்தது. ஒரு சிலையின் அடியில் பலகை. 'கருங்கல், கி.பி. 12-ஆம் நூற்றாண்டு' என்பதோடு அதன் பேச்சு முடிந்தது. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஆசிரியரை நோக்கி, "யார் ஐயா இதைச் செய்தது?" என்று கேட்டான். ஆசிரியர் பலகையைப் பார்த்தார். பலகை வாய் திறக்கவில்லை. "நேரமாகிறது, நட!" என்றார். ஒரு மணி நேரத்தில் ஓராயிரம் ஆண்டுகளைக் கடந்து, பிள்ளைகள் பேருந்தில் ஏறிவிட்டனர்.

அந்த ஆசிரியரைக் குறை கூற நாம் விரும்பவில்லை. எந்த அரங்கில் எது இருக்கிறது, எந்த வகுப்பின் எந்தப் பாடத்தோடு அது பொருந்தும் என்பதை அவருக்கு முன்கூட்டிச் சொன்னவர் எவர்? ஐம்பது பிள்ளைகளை எண்ணி ஏற்றி, எண்ணி இறக்கி, ஒருவரும் காணாமற் போகாமல் வீடு சேர்ப்பதே அன்று அவருக்குப் பெரும்பாடு. குறை அவருடையதன்று, அவர் கையில் எதையும் கொடுக்காமல் கதவை மட்டும் திறந்துவிட்ட ஏற்பாட்டினுடையது.

கேட்ட சிறுவனை மறவாதீர்கள். "எந்த மன்னன் காலத்தது?" என்று அவன் கேட்கவில்லை, செய்தவர் யார் என்று கேட்டான். வரலாற்றின் தலைவாயிலில் நின்று கேட்கத்தக்க முதற் கேள்வி அதுதான்!

மன்னன் நடுவில் இல்லாத மாளிகை

அந்தக் கேள்விக்கு விடை தர முயலும் இடம் ஒன்று தமிழ்நாட்டில் எழுந்திருக்கிறது. சிவகங்கை மாவட்டம் கீழடியில், செட்டிநாட்டுக் கட்டடப் பாங்கில், 2023 மார்ச் 5-ஆம் நாள் திறக்கப்பெற்ற அருங்காட்சியகமே அது. அதன் அரங்குகள் எவற்றைச் சொல்லுகின்றன? வேளாண்மையை, நீரைக் காத்த திறனை, மட்கலம் வனைந்த தொழிலை, நெசவை, அணிகலனை, கடல் வணிகத்தை, அன்றாட வாழ்வைச் சொல்லுகின்றன. வாளும் முடியும் வரிசை பிடிக்கவில்லை. குயவனும் உழவனும் நூல் நூற்றவளும் நடுவிடம் பெற்றிருக்கிறார்கள். அரண்மனையைச் சுற்றியே வரலாறு சுழன்ற நாட்டில் இது சிறு மாற்றமன்று. இதனை மனமாரப் பாராட்டுகிறோம்.

பாராட்டிய வாயாலேயே ஒன்று கேட்கிறோம். அரங்கை அமைத்தது சரி. அதனைப் பாடமாக்குவது எப்படி? அங்கே கிடைத்த பொருள்களுள் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, கறுப்பு-சிவப்புப் பானை. உள்ளே கறுப்பு, வாய் விளிம்பும் கறுப்பு, வெளியே சிவப்பு. 'பண்டைப் பானை' என்று காட்டிவிட்டு நகர்ந்தால் பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு சொல். ஒரு நிறம் உள்ளேயும் மற்றொரு நிறம் வெளியேயும் ஏன் என்று கேட்டால் கிடைப்பது ஓர் உலகம்! பானையைக் கவிழ்த்துச் சூளையில் இட்டனர். உட்புறத்துக்குக் காற்றுப் போகவில்லை, அதனால் கறுத்தது. வெளிப்புறம் காற்றோடு கலந்து வெந்தது, அதனால் சிவந்தது என்று அறிஞர் விளக்குவர். பள்ளியில் உயிர்வளி பற்றிய பாடம் நடத்தும் அறிவியல் ஆசிரியருக்கு இதைவிட நல்ல சான்று எங்கே கிடைக்கும்? 'படிக்காதவன்' என்று இழித்துரைக்கப்பட்ட குயவனின் கையில் நெருப்பை ஆளும் அறிவு இருந்தது என்பதை அந்தப் பிள்ளை அன்று உணர்வான்.

இரண்டாவது, வட்டச் சில்லு. உடைந்த பானையோட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சிறு துண்டு. தெருவில் கட்டம் கீறிச் சில்லு விளையாடும் சிறுமி இதைப் பார்த்தவுடன், "இது என்னிடமும் இருக்கிறது!" என்பாள். ஈராயிரம் ஆண்டு இடைவெளி அந்த ஒரு நொடியில் மறைந்துபோகும். அவளுக்கு வரலாறு தன் வீட்டுப் பொருளாகிவிடும்.

மூன்றாவது, ஒரு கரித்துண்டு. பார்க்க அழகில்லை, பேழையில் வைத்தால் எவரும் நின்று நோக்கார். ஆனால் கீழடியின் காலத்தைச் சொன்னது அத்தகைய கரிதான். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரியைக் கரிமப் பகுப்பாய்வுக்கு அனுப்பினர், கி.மு. 580 என்று முடிவு வந்தது. 2019-ல் மாநிலத் தொல்லியல் துறை அதனை வெளியிட்டது. உயிருள்ளவை யாவும் கரிமத்தை உட்கொள்கின்றன; உயிர் போனபின் உட்கொள்வது நிற்கிறது; அதிலுள்ள கரிமம்-14 ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைகிறது; எஞ்சியதை அளந்தால் காலம் தெரிகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய செய்தி இது!

பெருமை மட்டும் போதுமா?

இங்கேதான் நம் திறனாய்வின் கூர்முனை இருக்கிறது. கீழடி என்றதும் மேடை அதிர்கிறது. ஈராயிரத்து அறுநூறு ஆண்டு என்றதும் கைதட்டல் வானைப் பிளக்கிறது. தாழ்த்தி உரைக்கப்பட்ட ஓர் இனம் தன் தொன்மை கண்டு நிமிர்வது இயல்பு, அது தவறன்று. ஆயின் பள்ளிப் பிள்ளைக்கு நாம் தரவேண்டியது கைதட்டல் மட்டுமா?

'கி.மு. 580' என்று எழுதிவிட்டு நிறுத்தினால் அது மந்திரம். எப்படி அறிந்தோம் என்று விளக்கினால் அது அறிவியல். புராணத்தை நம்பாதே என்று சொல்லிய நாமே, பலகையை நம்பு என்று பிள்ளைக்குச் சொல்லலாமா? நம்பிக்கையின் பொருளை மட்டும் மாற்றிவிட்டு, நம்பும் பழக்கத்தை அப்படியே விட்டுவைப்பது பகுத்தறிவாகாது.

கீழடி பற்றி வாதம் நடக்கிறது. அங்கே முதற் கட்டங்களில் நடந்த அகழாய்வு குறித்த 982 பக்க அறிக்கை 2023 ஜனவரியில் இந்தியத் தொல்லியல் துறையிடம் அளிக்கப்பட்டது. 2025 மே திங்களில் அதைத் திருத்தித் தருமாறு துறை கேட்டது. தம் முடிவுகள் சான்றின் வழிப்பட்டவை என்று அறிக்கை எழுதிய அகழாய்வாளர் மறுமொழி தந்தார். இதனை அரசியல் மேடையில் மட்டும் பேசுகிறோம். வகுப்பறையில் பேசினால் என்ன? சான்று எது, அடுக்கு எது, ஐயம் எது, ஐயத்துக்கு விடை எது என்று மாணவரையே இரு அணியாக நிறுத்தி வழக்காடச் செய்யலாமே! சான்றை எடைபோடக் கற்ற பிள்ளையை எந்தப் பொய்யும் எளிதில் ஏமாற்றாது. சான்றை எடைபோடாமல் பெருமை மட்டும் கற்ற பிள்ளையோ, நாளை வேறொருவர் வேறொரு பெருமையை உரக்கச் சொன்னால் அவர் பின்னே போய்விடுவான்.

பெட்டியில் வந்த பாடம்

"எல்லாம் சரி, ஊருக்கு ஊர் பேருந்து வைத்துப் பிள்ளைகளை அழைத்துவரப் பணம் எங்கே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிள்ளை பொருளிடம் வரமுடியாவிட்டால் பொருள் பிள்ளையிடம் போகட்டும்! இது நம் கற்பனையன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட நடைமுறை.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் 1904-ல் ஓர் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அது முடிந்தபின் அங்கிருந்த பொருள்கள் பலவற்றைத் திரட்டி, 1905-ல் அந்நகரப் பள்ளி நிருவாகம் ஒரு கல்வி அருங்காட்சியகத்தை நிறுவியது. ஆசிரியர்கள் தங்கள் பாடத்துக்கு வேண்டிய பொருள்களைப் பட்டியலிலிருந்து குறித்து அனுப்புவார்கள். குதிரை வண்டி அவற்றை ஏற்றிக்கொண்டு பள்ளி வாயிலுக்கு வரும். பாடம் முடிந்ததும் திரும்பப் பெற்றுச் செல்லும். மாளிகை பெரிதா சிறிதா என்று எவரும் கேட்கவில்லை. வண்டி வந்ததா என்றுதான் கேட்டனர்!

இங்கிலாந்தில் ரெடிங் நகர அருங்காட்சியகம் 1911 முதல் பள்ளிகளுக்குப் பொருள்களைப் பெட்டிகளில் வைத்து இரவலாக அனுப்பி வருகிறது. உண்மைப் பழம்பொருளையே வகுப்பறையில் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். 'தொடாதே' என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை. இரண்டு உலகப் போர்கள் வந்தன, போயின. அந்தப் பெட்டிகளுக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை.

உடைந்துவிடும் என்று அஞ்சுவோருக்கு ஒரு சொல். அகழாய்வில் வெளிப்படும் பானையோடுகள் ஒன்றிரண்டல்ல. கூடை கூடையாக வருவன. ஒவ்வொன்றும் அரும்பொருள் அன்று. பதிவு செய்து, படமெடுத்து, ஆய்வு முடித்தபின் ஒரே வகையினவாக எஞ்சும் சாதாரண ஓடுகளில் சிலவற்றை, உரிய விதிமுறைகளை வகுத்து, பள்ளிப் பெட்டிக்கு ஒதுக்கினால் வரலாறு குறைந்துவிடாது. ஒப்பற்ற பொருளுக்குப் படிமம் செய்து வைக்கலாம். ஏற்கெனவே உடைந்த ஓட்டை மீண்டும் உடைத்துவிடுவானே என்று பிள்ளையைக் கண்டு அஞ்சுவது என்ன அச்சம்? ஓராயிரம் ஓடுகள் இருட்டறையில் உறங்குவதைவிட, ஓர் ஓடு பத்து ஆண்டுகளில் பத்தாயிரம் கைகளைக் கடந்து தேய்வது மேல்!

ஆசிரியர் கண்டெடுத்த ஊர்

கீழடியின் புகழ் எங்கே தொடங்கியது? 2014-ல் அகழாய்வுக் குழு வந்தபோதா? அதற்கு நெடுநாள் முன்பே, 1970களில், அவ்வூர்ப் பள்ளியின் வரலாற்று ஆசிரியர் ஒருவர், கிணறு தோண்டிய இடத்தில் பழம்பொருள்கள் கிடைத்ததைத் தம் மாணவர் வழியே அறிந்தார், அவற்றைத் திரட்டினார், பள்ளியில் வைத்துக் காட்டினார், உரியவர்களுக்கும் தெரிவித்தார். தமிழ்நாட்டின் பெயரை உலகெங்கும் ஒலிக்கச் செய்த அகழ்விடத்தின் முதற்குறிப்பு, ஒரு பள்ளி ஆசிரியரின் காதிலும் ஒரு மாணவனின் நாவிலும் பிறந்தது!

இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப்பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் ஒன்று அமைக்கப்பெற்றது. அங்கே மாணவர்கள் கல்வெட்டைப் படிக்கப் பயின்றனர். தம் ஊர்ப் புறங்களில் பழந்தடயங்களைத் தேடினர். பெரும் பொருட்செலவில் நடந்த செயலா அது? ஓர் ஆசிரியரின் ஆர்வமும் சில பிள்ளைகளின் கால்நடையும் முதலாக நடந்த செயல்.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? அருங்காட்சியகம் வள்ளலும் அல்ல. பள்ளி இரவலனும் அல்ல. பள்ளியும் கொடுக்கும், அருங்காட்சியகமும் கொடுக்கும். ஆசிரியரை வெறும் அழைத்துவரும் ஆளாக நடத்தும் அருங்காட்சியகம் தன் வேரையே மறந்த மரம். தனித்தனி ஆசிரியரின் ஆர்வத்தை நம்பியே காலம் தள்ளும் கல்வித்துறையோ, மழையை நம்பி ஏரி வெட்டாத ஊர். ஆர்வலர் ஓய்வு பெற்றதும் மன்றம் மறைந்தால், அது ஆர்வலரின் குற்றமாகுமா?

யாருடைய வரலாறு?

இன்னொன்றும் கேட்டாக வேண்டும். உள்ளூர் வரலாறு என்கிறோமே, ஊரில் யாருடைய வரலாறு? ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்த நாட்டில் இந்தக் கேள்வியைத் தவிர்ப்பது நேர்மையாகாது.

தென்னாப்பிரிக்கக் கேப்டவுன் நகரில் 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' என்றொரு பகுதி. பல நிறத்தவரும் பல மொழியினரும் கலந்து வாழ்ந்த இடம். 1966-ல் நிறவெறி அரசு அதனை வெள்ளையருக்கே உரியதென அறிவித்தது. 60,000-க்கும் மேற்பட்ட மக்கள் விரட்டப்பட்டனர். வீடுகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. 1994-ல் அங்குள்ள பழைய தேவாலயம் ஒன்றில் அருங்காட்சியகம் எழுந்தது. அதன் தரையில் இடிக்கப்பட்ட தெருக்களின் பெரிய வரைபடம் விரிந்திருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்கள் வந்து, தம் வீடு இருந்த இடத்தில் தம் பெயரைத் தாமே எழுதினர். விரட்டப்பட்டவர்களே வழிகாட்டிகளாக நின்று பிள்ளைகளுக்குத் தம் கதையைச் சொல்லினர். அடக்கப்பட்டவன் காட்சிப் பொருளாக நில்லாமல் கற்பிக்கும் ஆசானாக நின்ற இடம் அது!

நம் நாட்டுக்கு வருவோம். ஐம்பொன் சிலைகளைக் கண்டிருக்கிறோம், பல்லக்கைக் கண்டிருக்கிறோம், வாளும் கேடயமும் கண்டிருக்கிறோம். தேநீர்க் கடையில் தனியே தொங்கிய குவளையை எந்த மாவட்ட அருங்காட்சியகத்திலாவது கண்டிருக்கிறோமா? நாம் சென்ற எதிலும் கண்டோமில்லை. அதுவும் இந்த மண்ணின் வரலாற்றுப் பொருள்தானே? வைக்கத்தில், 1924-ல் தெருவில் நடக்கும் உரிமைக்காக நடந்த போராட்டத்தை நினைவூட்டும் பெரியார் நினைவகம் புதுப்பிக்கப்பெற்று 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. தெருவில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்தது என்பதை ஒரு பிள்ளை அங்கே நின்று கேட்டால், நூறு பக்கப் பாடநூல் தராத தெளிவு பிறக்கும். ஒவ்வொரு மாவட்டத்திலும் அத்தகைய தெருக்கள் இருந்தன. அவற்றைச் சொல்லும் மூலை ஒன்றாவது ஒவ்வோர் அருங்காட்சியகத்திலும் வேண்டாவா?

நாம் வேண்டுவன

குறை கூறி நிறுத்துவது நம் வழக்கமன்று. வேண்டுவனவற்றைக் கூறுகிறோம்.

ஒன்று: ஒவ்வொரு மாவட்ட அருங்காட்சியகத்திலும், ஒவ்வோர் அகழ்விடக் காட்சியகத்திலும், கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட ஒருவர் நிலையாக அமர்த்தப்பட வேண்டும். வகுப்பறையில் நின்ற பட்டறிவு அவருக்கு இருக்க வேண்டும்.

இரண்டு: பள்ளி வருவதற்கு முன் ஆசிரியர் வர வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாளேனும் ஆசிரியர்கள் பொருள்களைக் கையாண்டு, பாடத்தோடு பொருத்தி, வினாக்களை எழுதிக்கொண்டு செல்லட்டும். அந்த நாள் அவர்களது பணிநாளாகவே கணக்கிடப்படட்டும்.

மூன்று: ஒன்றியந்தோறும் பாடப் பெட்டிகள் சுற்றிவரட்டும். ஓடும் சில்லும் தக்களியும் கல்வெட்டுப் படியும் படமும் அதில் இருக்கட்டும். மலையூர்ப் பள்ளிக்கும் தீவூர்ப் பள்ளிக்கும் முதலில் போகட்டும். நகரத்துப் பள்ளி பிறகு பெற்றுக்கொள்ளும்.

நான்கு: பலகைகள் திருத்தி எழுதப்படட்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை படித்துப் பொருள் கொள்ளும் தமிழில், விடையோடு ஒரு வினாவும் இருக்கட்டும். 'கருங்கல், 12-ஆம் நூற்றாண்டு' என்பதோடு, 'இதைச் செதுக்கியவர் பெயர் இதில் இல்லை; ஏன் என்று எண்ணிப் பார்' என்று எழுத எவ்வளவு செலவாகும்?

ஐந்து: பிள்ளைகள் தம் ஊரில் திரட்டும் செய்தியும், பாட்டியின் வாய்மொழியும், தொழிலாளியின் கருவியும், பள்ளியின் பெயரோடு அருங்காட்சியகத்தில் இடம் பெறட்டும்.

பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லை என்பார்கள். ஒரு கறுப்பு-சிவப்பு ஓட்டில் வரலாறும் வேதியியலும் கைத்தொழிலும் மொழியும் ஒருங்கே கிடக்கும்போது, அதைத் தொட்டுக் கற்பிக்க ஆகும் ஒரு மணி, நான்கு பாடங்களின் நேரத்தை மிச்சப்படுத்தும் மணியல்லவா?

கீழடியில் கிடைத்த ஓடுகளில் 'ஆதன்' என்றும் 'குவிரன்' என்றும் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. முடிசூடியவர்களின் பெயர்கள் என்று எவரும் சொல்லவில்லை. தம் பானை தமக்கென்று அடையாளம் இட்டவர்கள் போலும்! அவர்கள் எழுதக் கற்றிருந்தார்கள். எழுதக் கற்பித்தவர் ஒருவரும் இருந்திருக்க வேண்டும். அந்தக் கற்பித்தவரின் வழித்தோன்றல்கள் இன்று நம் அரசுப் பள்ளிகளில் கரும்பலகை முன் நிற்கிறார்கள். அவர்களிடம் அந்த ஓட்டைக் கொடுங்கள். பேழையின் பூட்டைத் திறக்கும் நாளில், 'செத்த' என்ற அடைமொழி உதிரும். மக்கள் இட்ட 'காலேஜ்' என்ற பெயர் மட்டும் மெய்யாகும்.